நாவிஸ்ல இருந்து எலிமென்டரிக்கு ஏறலாமா? கோத்தகிரில இருந்து ஒரு ட்ரெஸ்ஸாஜ் சந்தேகம்

கோத்தகிரி_செவலை:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ட்ரெஸ்ஸாஜ் (குறிச்சுக் குடுத்த அசைவுகளைக் குதிரையோட செஞ்சு காட்டி மார்க் வாங்கற போட்டி) பண்றவங்க கம்மிதான், ஆனா குதிரை தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க, அந்த நம்பிக்கைல கேக்கறேன். நான் எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன், காலைல ஆபீஸுக்கு முன்னாடி கிடைக்கற நேரத்துலதான் சவாரி. குதிரை ரேஸ்ல இருந்து ரிட்டயர் ஆன தரோபிரெட் ஜாதி, செவலை நிறம், ஜெல்டிங் (காயடிச்ச ஆண்), வயசு 11. தங்கமான குணம், லாரி சத்தம் காட்டெருமை எதைப் பாத்தாலும் மிரள மாட்டான்.

நாவிஸ் லெவல்ல (அதுக்கு அடுத்த படி எலிமென்டரி) பெங்களூர் பக்கம் நடக்கற ஷோக்கள்ல கலந்துக்கிட்டு வர்றோம். ஸ்கோர் 66, 67 சதவீதம்னு வந்துச்சு, கடைசி ஷோல மட்டும் 63க்கு இறங்கிருச்சு. ஜட்ஜ் ஷீட்ல ரெண்டு விஷயம் திரும்பத் திரும்ப எழுதிருக்காங்க. ஒண்ணு, கேன்டர்ல, அதாவது நிதானமான பாய்ச்சல்ல, முன்பக்கம் பாரம் போட்டு சாயறான். இன்னொண்ணு, வலது கைப் பக்கம் திரும்பறப்போ பின்னங்கால் அடி குட்டையா விழுது. இந்த ரெண்டாவது கமென்ட் முன்னாடி வந்ததில்ல.

கோச் கீழ கோயமுத்தூர்ல இருந்து அப்பப்போ வந்து பாத்துட்டுப் போறவர், அவர் "எலிமென்டரிக்குப் போயிரலாம், நாவிஸ்லயே உக்காந்திருந்தா குதிரைக்கும் சலிப்பாயிரும்"னு சொல்றாரு. கூட சவாரி பண்ற அக்கா இன்னும் ஒரு சீசன் இருன்னு சொல்றாங்க. எனக்குப் போகணும்னுதான் ஆசை, அதே சமயம் அவனை கஷ்டப்படுத்திடக் கூடாது.

இன்னும் ரெண்டு விவரம். எங்ககிட்ட இருக்கற சமதளமே 20-க்கு 40 மீட்டர்தான், மேட்டை வெட்டி எடுத்தது, அதுவும் ஒரு ஓரம் லேசா சரிவு. மழை ஒரு பக்கம், டிசம்பர்ல காலைல உறைபனி, அதனால வருஷத்துல பாதி நாள் தரை ஒழுங்கா இருக்காது. தீனி: பகல் முழுக்க புல்லுல மேய்ச்சல், ராத்திரிக்கு ஊற வெச்ச கொள்ளும் கோதுமைத் தவிடும். எலிமென்டரிக்கு ரெடின்னு எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க?


வெலிங்டன்_சவார்:

மார்க்கை ஒரு ஓரமா வைங்கம்மா, முதல்ல கேன்டரைப் பாருங்க. நாவிஸுக்கும் எலிமென்டரிக்கும் நடுவுல இருக்கற பெரிய வித்தியாசம் அதுலதான் இருக்கு. நாவிஸ்ல லெக் (முன்னால எட்டி விழற கால்) மாத்தணும்னா கேன்டர்ல இருந்து குலுங்கி ஓடற ட்ராட், நாலஞ்சு அடி ட்ராட், மறுபடி கேன்டர். எலிமென்டரில சிம்பிள் சேஞ்ச் கேப்பாங்க, கேன்டர்ல இருந்து நேரா வாக், மூணுல இருந்து அஞ்சு அடி தெளிவா நடந்துட்டு அடுத்த லெக்ல கேன்டர். நடுவுல ட்ராட் அடி விழக் கூடாது. கேக்க சின்ன விஷயமாத் தெரியும், ஆனா அதைப் பண்ணணும்னா கடைசி ரெண்டு மூணு கேன்டர் அடில குதிரை பின்னங்காலை உடம்புக்கு அடில கொண்டுவந்து பாரத்தை அதுல வாங்கணும். அந்த பலம் இல்லாத குதிரை தோள்ல விழும், கை மேல சாயும், அப்புறம் ட்ராட்ல உருண்டுதான் நிக்கும்.

ரேஸ் குதிரைக்கு இது இன்னும் கஷ்டம். ட்ராக்ல அதுக்குப் பழக்கினதே ரெயினை (கடிவாள வார்) பிடிச்சா பிட்டு (வாய்ல இருக்கற இரும்பு) மேல சாஞ்சு ஓடுன்னுதான். அதனால நிறுத்தறதுக்காக நீங்க இழுக்க இழுக்க அது "சரி, இன்னும் போ"ன்னு எடுத்துக்கும். அது குதிரையோட பிடிவாதம் இல்ல, அதுக்குச் சொல்லிக் குடுத்த பாஷை அது. நான் ராணுவத்துல குதிரைகளோடவே இருந்தவன், ரேஸ்ல இருந்து வந்த பல குதிரைங்களை உக்காந்து மாத்திருக்கோம், மாறும், ஆனா பொறுமை வேணும்.

வீட்லயே ரெண்டு சோதனை பண்ணுங்க. முதல்ல 20 மீட்டர் வட்டத்துல கேன்டர் போகறப்போ ரெண்டு கையையும் கழுத்துப் பக்கமா முன்னாடி குடுத்து, ரெண்டு மூணு அடி அப்படியே விட்டுட்டுத் திரும்ப எடுங்க. வேகம் மாறாம, தலையைத் தூக்காம, அதே தாளத்துல போனா அவன் தன் கால்ல நிக்கறான். கையைக் குடுத்ததும் பாஞ்சான்னா இத்தனை நாள் உங்க கை மேல நின்னிருக்கான்.

அடுத்தது, அதே வட்டத்தை மெதுவா 15 மீட்டருக்குச் சுருக்குங்க, முதுகை நிமித்தி உக்காந்து வெளிப்பக்க ரெயின்ல அடிக்கு ஒரு ஹாஃப் ஹால்ட், பிடிச்சதும் உடனே விடணும், மூணாவது அடில வாக் கேளுங்க. வாக் விழுந்த முதல் அடியே நாலு தாளத்துல நிதானமா விழணும். ரெண்டு கைப் பக்கமும் இது பத்துல ஏழு தடவை சரியா வந்துச்சுன்னா எலிமென்டரி எட்டற தூரத்துல இருக்கு. தாவித் தாவி நின்னான்னா பாரம் இன்னும் முன்னாடியேதான் இருக்கு, அப்ப எந்த ஸ்கோரும் அதை மறைக்காது.

சரிவு இருக்குன்னு கவலைப்படாதீங்க, மலைல இருக்கறதே உங்களுக்கு லாபம். எஸ்டேட் மண் ரோட்டுல லாங் ரெயின்ல, அதாவது ரெயினை நீளமா விட்டு, வாக்லயே ஏறி இறங்குங்க, முக்கியமா இறங்கறது, மெதுவா, நேரா. இறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் பின்கால மடக்கித்தான் வைக்கணும், கலெக்ஷனுக்கு, அதாவது பாரத்தைப் பின்னங்கால்ல வாங்கறதுக்கு, வேணுங்கற அதே தசை அது. சமவெளில இருக்கறவங்களுக்கு இந்த வசதி கிடையாது.

வலது பக்கம் அடி குட்டையா விழுதுன்னு சொன்னீங்களே, அதை மட்டும் லேசா எடுத்துக்காதீங்க. ட்ரெயினிங் குறையா, இல்ல வலியான்னு முதல்ல பிரிச்சுப் பாக்கணும்.


ஸ்கோர்ஷீட்_எழுதறவ:

நான் ஷோக்கள்ல ஜட்ஜ் பக்கத்துல உக்காந்து ஷீட் எழுதறவ, சவாரியும் பண்றேன், அந்த இடத்துல இருந்து சொல்றேன் அக்கா. லெவல் ஏறினதும் மார்க் விழறதுக்குப் பெரிய காரணம் புது மூவ்மென்ட்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஆனா ஷீட்ல நான் எழுதறதுல பாதி அளவு தப்புதான். வட்டம் பெருசு, வட்டம் முட்டை மாதிரி, மூலைய வெட்டிட்டாங்க, கிரவுண்ட்ல இடம் குறிக்கற லெட்டருக்கு முன்னாடியே மாத்திட்டாங்க, இதான். ஒவ்வொரு மூவ்மென்டுக்கும் 0ல இருந்து 10, அரை மார்க்கும் உண்டு, 6னா திருப்தி, 7னா நல்லாவே இருக்கு. குதிரை 7க்கு நடந்துட்டு இருக்கறப்போ வட்டம் 10 மீட்டருக்குப் பதிலா 13 மீட்டர் போச்சுன்னா அது 6, இல்ல 5.5, குதிரை பாவம் என்ன பண்ணும், அது ரைடர் கோட்டை விட்ட மார்க்.

எலிமென்டரில பொதுவா ட்ராட்ல 10 மீட்டர் வட்டம், மீடியம் ட்ராட் (அடியை நீட்டிப் போறது), சிம்பிள் சேஞ்ச், கவுன்ட்டர் கேன்டர் (வெளிப்பக்க லெக்ல கேன்டர்), ரெயின் பேக் (பின்னால நடக்கறது), சில டெஸ்ட்ல ஷோல்டர்-இன் (தோளை உள்பக்கம் கொண்டுவந்து போறது), இதெல்லாம் வரும். எந்த டெஸ்ட் நம்பர்னு அந்த ஷோ ஷெட்யூல்ல போட்டிருப்பாங்க, அந்த ஷீட்டையே எடுத்து வெச்சுப் படிங்க, எந்த மூவ்மென்டுக்கு மார்க் ரெண்டால பெருக்கறாங்கன்னு அதுலயே இருக்கும், உங்க உழைப்பு முதல்ல அங்க போகட்டும்.

10 மீட்டர் வட்டத்துக்கு ஒரு வழி சொல்றேன். ஈ லெட்டர்ல இருந்து வட்டம்னா அது தொட வேண்டியது நாலே புள்ளி. ஈ, நடுவுல எக்ஸ், அப்புறம் ஈ-ல இருந்து உள்ள 5 மீட்டர் வந்து அங்க இருந்து மேல 5 கீழ 5. டேப் வெச்சு அளந்து அந்த இடத்துல சுண்ணாம்புப் பொடி போடுங்க, மழைல கரைஞ்சா மறுபடி போடுங்க. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு அடி மட்டும் தொட்டுட்டு உடனே அடுத்ததைப் பாக்கணும். எக்ஸ்ல நேரா ரெண்டு மூணு அடி போனா அது வட்டம் இல்ல.

இப்ப உங்க கிரவுண்ட் விஷயம், இதுதான் எனக்கு உறுத்துது. போட்டி 20-க்கு 60ல நடந்தா நிறைய மாறும். உங்க 40ல ஹெச்-எக்ஸ்-எஃப் குறுக்குக் கோடு 34 மீட்டர் சொச்சம்தான் வரும், 60ல அதே கோடு 52 மீட்டர். 34ல மீடியம் ட்ராட் பழகின குதிரை 52ல பாதி தாண்டினதும் மூச்சு வாங்கி வேகமாயிரும், இல்ல சுருங்கிரும். இன்னொண்ணு, 40ல ஏ-ல போடற 20 மீட்டர் வட்டம் சரியா எக்ஸ்ல வந்து முடியும், அது கண்ணுக்குப் பழகிப் போச்சு. 60ல அந்த வட்டம் எல்-ஐத் தாண்டி 2 மீட்டர்ல நடுக்கோட்டை வெட்டணும், ஆனா நிறைய பேர் எல் மேலயே திரும்பி வட்டத்தை நசுக்கிடறாங்க. பக்கத்துச் சுவத்தைத் தொடற இடமும் மூலைல இருந்து 10 மீட்டர், அதாவது கே-ஐத் தாண்டி 4 மீட்டர். பள்ளிக்கூட கிரவுண்ட் ஒண்ணு லீவு நாள்ல கிடைச்சாலும் கயிறு கட்டி 60 அளந்து சில தடவையாவது ஓட்டிப் பாருங்க, அது இல்லாம புது லெவலுக்கு வராதீங்கன்னுதான் சொல்லுவேன்.

63 வந்த ஷீட்டை மறுபடி எடுத்துப் பாருங்க, எந்தெந்த மூவ்மென்ட்ல குறைஞ்சிருக்கு? எல்லாம் வலது கைன்னா சவார் ஐயா சொல்றது சரி.


கொடை_லாயம்:

நான் கொடைக்கானல்ல குதிரை வெச்சிருக்கேன், ட்ரெஸ்ஸாஜ் எனக்கு டிவில பாத்த அளவுதான், ஆனா தங்கச்சி போட்ட கேள்வில கடைசில இருக்கற தீனி வரியைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

பகல் முழுக்க மேய்ச்சல்னு போட்டிருக்கீங்க, அது கிக்குயூ புல்லுதானே? நீலகிரிலயும் சரி இங்க பழனி மலைலயும் சரி, பச்சைக் கம்பளமா தரையோட படர்ந்து கிடக்கறது பெரும்பாலும் அதுதான். மாட்டுக்கு அருமையான புல், குதிரைக்கு அதையே முழுத் தீனியா போடறது ஆபத்து. அதுல ஆக்ஸலேட் ஜாஸ்தி, அது புல்லுல இருக்கற கால்சியத்தைக் கட்டிப் பிடிச்சுக்கும், குதிரையோட குடலால அதைப் பிரிச்சு எடுக்க முடியாது. மாட்டுக்கு முதல் வயித்துலயே கிருமிங்க அதை உடைச்சுரும், அதான் அதுக்கு அவ்வளவு பாதிப்பில்ல. இதுக்கு மேல நீங்க கோதுமைத் தவிடு வேற போடறீங்க, தவிட்டுல பாஸ்பரஸ் ரொம்ப அதிகம், கால்சியம் கொஞ்சமே கொஞ்சம். கால்சியம் உள்ள போகலைனா உடம்பு சும்மா இருக்காது, எலும்புல இருந்து உருவி ரத்தத்துக்குக் குடுக்கும். பழைய காலத்துல மாவு மில்லு குதிரைங்களுக்குத் தவிடே தின்னு வந்த நோய் இதேதான். முத்திப் போனா மூஞ்சி எலும்பு ரெண்டு பக்கமும் வீங்கும், பிக் ஹெட்னு பேரு, ஆனா அது கடைசிக் கட்டம். ஆரம்பத்துல தெரியறது அடி குட்டையாறது, விறைப்பா நடக்கறது, இன்னிக்கு ஒரு கால் நாளைக்கு ஒரு கால்னு லேசா நொண்டறது. உங்க ஜட்ஜ் எழுதின கமென்டைப் படிச்சா எனக்கு இதுதான் ஞாபகம் வருது. இதுவேதான்னு சொல்லல, லாடம், முழங்கால், முதுகு எதுவா வேணா இருக்கலாம், ஆனா பாத்தே ஆகணும்.

வெட்னரி டாக்டரைக் கூப்பிட்டு தீனியை வரிவரியா சொல்லுங்க. ரத்தத்துல கால்சியம் மட்டும் பாத்து நார்மல்னு விட்ராதீங்க, எலும்புல இருந்து எடுத்து ரத்தத்தை சரிக்கட்டி வெச்சிருக்கும், அதனால அந்த டெஸ்ட் நல்லாத்தான் காட்டும். மூத்திரத்தையும் சேத்துப் பாக்கறது நல்லது. தீனில மொத்தத்துல கால்சியம் பாஸ்பரஸை விடக் குறையவே கூடாது, ஒண்ணரை மடங்கு ரெண்டு மடங்குன்னு இருந்தா நல்லது. தவிட்டை நிறுத்திட்டு குதிரை மசால் கொண்டு வாங்க, பேர்லயே குதிரை இருக்கு பாருங்க, கால்சியம் நிறைய, கீழ சமவெளில விளையுது, காய வெச்சும் கிடைக்கும். மேய்ச்சலைக் குறைச்சு வேற காஞ்ச புல் சேருங்க. மினரல் மிக்ஸ்சர் எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும், நீங்களா அள்ளிப் போடாதீங்க.

லெவல் ஏத்தறது அப்புறம் இருக்கட்டும். எலும்பு வலிக்கற குதிரையைப் பின்னங்கால்ல உக்காருன்னு கேக்கறது நியாயமே இல்ல.


மசினகுடி_மழை:

தீனி விஷயம் முழுசா ஒத்துக்கறேன், டாக்டர் பாத்துட்டு சரின்னு சொன்னதுக்கு அப்புறம் என்னன்னு நான் சொல்றேன். அப்போ கோச் சொல்ற பக்கம்தான் நான். ஒரு லெவல்ல முழுசா பழுத்தப்புறம்தான் அடுத்ததுன்னு காத்திருந்தா யாருமே ஏற முடியாது, ஏன்னா சிம்பிள் சேஞ்சுக்குப் பழகப் பழகத்தான் நாவிஸ் கேன்டரே நல்லாகும். பல ஷோக்கள்ல ஒரே குதிரைல அடுத்தடுத்த ரெண்டு லெவல்ல என்ட்ரி குடுக்க விடுவாங்க, ரூல் பாத்துக்கங்க. நாவிஸ் ஒண்ணு, எலிமென்டரில இருக்கறதுலயே சுலபமான டெஸ்ட் ஒண்ணு. எலிமென்டரில 58 வந்தாலும் அது அவமானம் இல்ல, அந்த ஷீட் அடுத்த சில மாசத்துக்கு உங்க பாடத்திட்டம்.

2023 செப்டம்பர்ல ஹாங்சோ ஏசியன் கேம்ஸ்ல நம்ம டீம் ட்ரெஸ்ஸாஜ்ல தங்கம் ஜெயிச்சப்போ நான் வேலையை விட்டுட்டு போன்ல ஸ்கோர் பாத்துட்டு உக்காந்திருந்தேன். குதிரையேற்றத்துல 41 வருஷம் கழிச்சு வந்த தங்கம். அனுஷ் அகர்வாலா தனியா வெண்கலமும் வாங்கினாரு, 2024ல பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ட்ரெஸ்ஸாஜ் பண்ணின முதல் இந்தியரும் அவர்தான். அவங்க ஓட்டின பிரி செயின்ட் ஜார்ஜ் டெஸ்ட் நம்ம எலிமென்டரிக்கு ரொம்ப மேல, ஆனா அதுல இருக்கற ஷோல்டர்-இன்னும் நீங்க பழகப் போற ஷோல்டர்-இன்னும் ஒண்ணுதான். அந்த ஏணில நீங்களும் ஒரு படில நிக்கறீங்கன்னு நினைச்சாலே எனக்கு சந்தோஷமா இருக்கு.


கோத்தகிரி_செவலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஷீட்டை எடுத்துப் பாத்தேன், குறைஞ்ச மார்க் அத்தனையும் வலது கை மூவ்மென்ட்தான். கொடை அண்ணா, அது கிக்குயூவேதான், சைஸ் (குதிரையைப் பாத்துக்கற) அண்ணன்கிட்ட காட்டிக் கேட்டேன். தவிட்டை அன்னிக்கே நிறுத்தியாச்சு, டாக்டர் வந்து பாத்துட்டு ரத்தமும் மூத்திரமும் எடுத்திருக்காரு, காலை மடக்கிப் பாத்ததுல மூட்டுல பெருசா ஒண்ணும் இல்லங்கறாரு, தீனிதான் காரணமா இருக்க நல்லா வாய்ப்பிருக்குன்னு சொன்னாரு. ரிசல்ட் வர்ற வரைக்கும் வாக் மட்டும்தான், ஐயா சொன்ன மாதிரி எஸ்டேட் ரோட்டுல லேசா ஏத்தம் இறக்கம், அதுக்கு டாக்டரும் சரின்னுட்டாரு.

அடுத்த ஷோ எலிமென்டரி இல்லன்னு கோச்கிட்ட சொல்லிட்டேன். அடி சரியானா நாவிஸ் மட்டும் போட்டுப் பாக்கறோம், வீட்ல எலிமென்டரி பழக்கம். ரெண்டு கேள்வி மட்டும். சிட்டிங் ட்ராட் (எழும்பாம உக்காந்தே ட்ராட் போறது) அவன் முதுகுக்கு எப்ப ஆரம்பிக்கலாம்? அப்புறம் ஷோவுக்கு வண்டில கொண்டு போறப்போ போன தடவை இறங்கினதும் ரொம்ப சோர்ந்து போயிருந்தான், அதுக்கு என்ன பண்றது?


வெலிங்டன்_சவார்:

நல்ல முடிவும்மா. சிட்டிங் ட்ராட்டுக்கு அவன் முதுகுதான் பதில் சொல்லணும். ரைசிங்ல (அடிக்கு அடி எழுந்து உக்காந்து) நல்லா சூடாகி, கழுத்தை நீட்டி முதுகைத் தூக்கினதுக்கு அப்புறம் ஒரு பத்து அடி உக்காருங்க, முதுகு கீழ அமுங்கறதுக்கு முன்னாடியே எழுந்துருங்க. அமுங்கின முதுகு மேல உக்காந்தா நீங்களும் குலுங்குவீங்க, அவனும் இறுகுவான். பத்து இருபதாகட்டும், அவசரமில்ல. சேணத்தையும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, தீனி மாறி உடம்பு போட்டா முதுகோட வடிவம் மாறும், பழைய சேணம் தோள்ல இடிக்கும்.

வண்டி விஷயத்துல முக்கியமானது தலை. தலையை ரொம்ப மணி நேரம் உசரக் கட்டி வெச்சா நுரையீரல்ல இருக்கற சளி தூசி வெளிய வடிய வழி இல்லாம போய் காய்ச்சல் வரைக்கும் கொண்டு போயிரும். மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, தலையைத் தரை வரைக்கும் இறக்க விட்டு, தண்ணி காட்டுங்க. புல்லை நனைச்சுப் போடுங்க, தூசி பறக்காது. ஹேர்பின்ல டிரைவர் ஆள் நடக்கற வேகத்துலதான் திரும்பணும், முன்கூட்டியே சொல்லி வைங்க.

ரூட்டுக்கு, கூடலூர் முதுமலை வழியா போனா பந்திப்பூர்ல ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் ரோடு மூடிருக்கும், அங்க வண்டில குதிரையை வெச்சுட்டு காத்துக் கிடக்கற மாதிரி கிளம்பாதீங்க. திம்பம் பக்கம் 27 ஹேர்பின், அங்கயும் ராத்திரி கட்டுப்பாடு உண்டு. என்னைக் கேட்டா தூரம் கூட இருந்தாலும் மேட்டுப்பாளையம் இறங்கி சேலம் ஓசூர் ஹைவேல போங்க, இறக்கம் ஒரு தடவையோட முடிஞ்சுரும், அப்புறம் நேர் ரோடு. கோத்தகிரி பெங்களூரை விட ரொம்ப உசரம், குளிர்ல முடி அடர்த்தியா வளர்ந்த குதிரைக்குக் கீழ வெயில் உறைக்கும், அதனால விடியறதுக்கு முன்னாடி ஏத்துங்க, போட்டிக்கு ஒரு நாள் முன்னாடியாவது போய்ச் சேருங்க.


ஸ்கோர்ஷீட்_எழுதறவ:

ஒண்ணு விட்டுப் போச்சு அக்கா. ஷோல கிளாண்டர்ஸ்ங்கற தொத்து நோய் டெஸ்ட் ரிசல்ட்டும் டாக்டரோட ஹெல்த் சர்ட்டிஃபிகேட்டும் பெரும்பாலும் கேப்பாங்க, சாம்பிள் லேபுக்குப் போய் ரிசல்ட் வர நாளாகும். இப்ப டாக்டர் வந்து போயிட்டு இருக்கறப்பவே அதையும் எப்ப எடுக்கலாம்னு கேட்டு வெச்சுருங்க. நாவிஸ் என்ட்ரி போட்டதும் இங்க சொல்லுங்க, நான் இருக்கற ஷோன்னா முந்தின நாள் சாயங்காலம் 60 அரீனால உங்களோட சேர்ந்து நடந்து ஒவ்வொரு லெட்டரா காட்டறேன்.